ஒற்றைக் கை வீரனும் பார்வையற்ற குருவும்



இந்த வாரம் ஒரு சண்டைப் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். வேப்பங்குச்சி இரண்டை சைக்கிள் செயினால் கட்டி, புரூஸ் லீ மாதிரி சுழற்றி, சொந்த நெற்றியிலேயே அடித்துக்கொண்டு என் வகுப்புக்கு வந்தவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். இப்போது உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

படம் 1976இல் வந்தது. ஆங்கிலத்தில் 'மாஸ்டர் ஆஃப் த ஃப்ளையிங் கில்லட்டின்' என்று பெயர். 1972இல் வந்த 'ஒன் ஆர்ம்டு பாக்ஸர்' என்ற படத்தின் இரண்டாம் பாகம். எழுதியவர், இயக்கியவர், கதாநாயகன் மூவரும் ஒரே ஆள், ஜிம்மி வாங் யூ. பெரிய ஸ்டுடியோ இல்லாமல், தைவானில், கையைக் கடித்துக்கொண்டு எடுத்த படம். படத்தின் முதல் பாதியில் பெரும்பகுதி ஒரு சண்டைப் போட்டிதான். ஒருவர் மேடை ஏறுவார், இன்னொருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார். கதை என்று பார்த்தால் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

அப்படி இருந்தும் ஏன் இதைப் பற்றி எழுதுகிறேன்? இந்தப் படத்தில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். படம் நடப்பதாகச் சொல்லும் அதே 1730ஆம் ஆண்டை ஒட்டி, உண்மையான சீன வரலாற்றிலும் ஓர் ஆசிரியரும் மாணவரும் இருக்கிறார்கள். இரண்டு கதையிலும் ஒரே கேள்வி வருகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வாங் யூ யார் என்று சொல்லிவிடுகிறேன்.

1943இல் ஷாங்காயில் பிறந்தவர். ஹாங்காங்கில் நீச்சல் வீரராகப் பெயர் வாங்கி, ஷா பிரதர்ஸ் நிறுவனத்தில் நடிகராகச் சேர்ந்தார். நமக்கு ஏவி.எம்., ஜெமினி போல அவர்களுக்கு ஷா பிரதர்ஸ். 1967இல் சாங் சே என்ற இயக்குநர் 'ஒற்றைக் கை வாள்வீரன்' என்ற படத்தை எடுத்தார். ஒரு குருவின் மகள் கோபத்தில் வெட்டிய வெட்டில் வலது கையை இழந்தவன், இடது கையால் வாள் பழகி நிமிர்ந்து நிற்பதுதான் கதை. ஹாங்காங்கில் மட்டும் பத்து லட்சம் ஹாங்காங் டாலர் வசூலித்த முதல் உள்ளூர்ப் படம் என்று அதைச் சொல்வார்கள். அந்த வீரனாக நடித்தவர் வாங் யூ. ஒரே படத்தில் உச்சிக்குப் போய்விட்டார்.

1970இல் 'சைனீஸ் பாக்ஸர்' என்ற படத்தை அவரே எழுதி, இயக்கி, நடித்தார். வாள் இல்லாமல் வெறுங்கையால் சண்டை போடும் குங்ஃபூ படங்களின் அலையைத் தொடங்கி வைத்தது அதுதான். புரூஸ் லீயின் முதல் பெரிய படம் அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது. அந்தச் சமயத்தில் வாங் யூ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஷா நிறுவனத்தை விட்டு வெளியேறினார். வழக்கு வந்தது. ஹாங்காங்கில் படம் எடுக்க முடியாத நிலை. தைவானுக்குப் போனார். ஷா நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்து ரேமண்ட் சௌ 1970இல் தொடங்கியிருந்த கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்துக்குப் படம் செய்து கொடுத்தார்.

கையில் பெரிய அரங்கம் இல்லை, உடை இல்லை, பணம் இல்லை. இருந்த ஒரே சொத்து, மக்கள் மனதில் பதிந்துபோன அந்த ஒற்றைக் கை. அதையே திரும்ப எடுத்தார். வாளைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் கைக் குத்துவீரன் ஆனார். சட்டைக்குள் மடக்கிக் கட்டிய இன்னொரு கை சில காட்சிகளில் புடைத்துக்கொண்டு தெரியும். கொட்டகையில் அதைப் பார்த்து யாரும் எழுந்து போகவில்லை.

1972இல் வந்த முதல் பாகத்தின் கதை இது. ஓர் ஊரில் இரண்டு சண்டைப் பள்ளிகள். ஒன்று நல்லது, ஒன்று அபின் விற்கும் கெட்டது. கெட்ட பள்ளியின் தலைவன் வெளியூரிலிருந்து கூலிக்கு ஆட்களை இறக்குகிறான். ஒகினாவா கராத்தேக்காரன், கொரிய டேக்வாண்டோ வீரன், தாய்லாந்துக் குத்துச்சண்டைக்காரர்கள், ஓர் இந்திய யோகி, திபெத்திலிருந்து இரண்டு லாமாக்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்து நல்ல பள்ளியை அழிக்கிறார்கள். கதாநாயகன் ஒரு கையை இழக்கிறான். மிச்சமிருக்கும் கையை நெருப்பில் வாட்டி, உணர்ச்சி மரத்துப்போகச் செய்து, வலுவாக்கிக்கொண்டு திரும்பி வந்து எல்லாரையும் கொல்கிறான். சுபம்.

அந்த இரண்டு லாமாக்களைப் பற்றி யாராவது கவலைப்பட்டோமா? கூலிக்கு வந்தார்கள், அடி வாங்கினார்கள், செத்தார்கள். நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இரண்டாம் பாகம் தொடங்குவது அந்த இடத்தில்தான். மலை மேல் ஒரு குடிசை. அங்கே பார்வையற்ற ஒரு முதியவர். ஒரு புறா செய்தி கொண்டுவருகிறது. "உங்கள் மாணவர்கள் இருவரையும் ஓர் ஒற்றைக் கைக்காரன் கொன்றுவிட்டான்." அந்த லாமாக்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குரு அவர். தன் ஆயுதத்தை எடுத்து ஒருமுறை பழகிப் பார்க்கிறார். பிறகு தன் குடிசைக்குத் தானே தீ வைத்துவிட்டுக் கிளம்புகிறார். இனி திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று அதற்கு அர்த்தம். காம் காங் என்ற நடிகர் அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். வெண்புருவமும் தாடியும் வைத்துக்கொண்டு அவர் நடந்து வரும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நீண்ட நேரம் ஒரு போட்டியைக் காட்டும் மலிவான படத்தில், இந்த முதல் ஐந்து நிமிடம் ஒரு பெரிய விஷயத்தைச் செய்துவிடுகிறது. முதல் கதையில் கணக்கில் வராமல் போனவர்களுக்கும் அழுவதற்கு ஓர் ஆள் இருந்தார் என்கிறது. வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1918இல் முதல் உலகப் போர் முடிந்தது என்று மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் 1919இல் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெர்மானியர்கள் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்டால்தான் 1939 புரியும். ஒரு கதையின் இரண்டாம் பாகம் எப்போதும் தோற்றவன் வீட்டில்தான் தொடங்குகிறது.

சரி, குரு கிளம்பிவிட்டார். ஒரே ஒரு பிரச்சினை. அவருக்குக் கண் தெரியாது. தேடும் ஆளைப் பற்றி அவரிடம் இருப்பது ஒரே ஓர் அடையாளம், ஒற்றைக் கை. அதனால் எதிர்ப்படும் ஒற்றைக் கைக்காரர்கள் எல்லாரையும் கொல்வது என்று முடிவு செய்கிறார். ஓர் உணவு விடுதியில் ஒருவன், சாப்பிட்ட காசு கொடுக்காமல் தப்பிக்க, "நான்தான் அந்த ஒற்றைக் கை வீரன்" என்று வெற்று ஜம்பம் அடிக்கிறான். அந்த ஜம்பம் அவன் தலையை வாங்கிவிடுகிறது. பிறகு போட்டி நடக்கும் இடத்தில் இன்னொரு ஒற்றைக் கைக்காரன் கொல்லப்படுகிறான். அவனும் அவர் தேடியவன் இல்லை.

மாணவர்கள் செத்த துக்கம் உண்மை. ஆனால் அந்த மாணவர்கள் கூலி வாங்கிக்கொண்டு என்ன செய்தார்கள் என்று குரு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தன் பிள்ளைகளைப் பற்றிக் கேள்வியே கேட்காதவர், மற்றவர்களைப் பற்றி ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார். படம் இதை வசனமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தலையாக விழும்போது நமக்குத்தான் உறைக்கிறது.

இப்போது உண்மையான வரலாற்றுக்கு வருகிறேன்.

1644இல் சீனாவின் மிங் வம்சம் வீழ்ந்தது. வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சூக்கள் ஆட்சியைப் பிடித்து சிங் வம்சத்தை நிறுவினார்கள். 1645இல் ஆண்கள் எல்லாரும் முன்தலையை மழித்துப் பின்னால் சடை போட வேண்டும் என்று ஆணை வந்தது. மறுத்தால் தலை போகும். சண்டைப் படங்களில் எல்லாரும் நீளச் சடையோடு வருகிறார்களே, அது அழகுக்காக இல்லை. அடங்கிப் போனதற்கு அடையாளம். இந்தப் படத்தின் போட்டியில் ஒரு வீரன் அந்தச் சடையையே ஆயுதமாக்கி எதிராளியின் கழுத்தை இறுக்குவான். அதைப் பார்க்கும்போது இந்த 1645ஆம் வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

படம் நடப்பது யோங்செங் பேரரசர் காலத்தில். 1722 முதல் 1735 வரை ஆண்டவர். கடுமையான உழைப்பாளி, அதே அளவு சந்தேகப் பேர்வழி. 1728இல் ஹூனான் மாகாணத்தின் ஒரு கிராமத்து வாத்தியார், செங் ஜிங் என்று பெயர், அரசுத் தேர்வில் தேறாதவர், ஒரு கடிதம் எழுதினார். மஞ்சூ ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்யுமாறு யுவே சோங்சி என்ற பெரிய தளபதிக்கு எழுதிய கடிதம். அதை அவர் தபாலில் போடவில்லை. தன் மாணவர் சாங் ஷி கையில் கொடுத்து அனுப்பினார்.

நினைத்துப் பாருங்கள் பிள்ளைகளே. வாத்தியார் ஊரில் இருக்கிறார். மாணவர் பல நூறு மைல் நடந்துபோய், தளபதியிடம் அந்தக் கடிதத்தை நீட்டுகிறார். தளபதி பிடித்துச் சித்திரவதை செய்தார். மாணவர் வாய் திறக்கவில்லை. பிறகு தளபதி, "நானும் உங்கள் கட்சிதான்" என்று சத்தியம் செய்து நடித்தார். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் மாணவர் குருவின் பெயரைச் சொன்னார்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பேரரசர் அந்த வாத்தியாரைக் கொல்லவில்லை. கேள்விகள் அனுப்பினார், பதில்கள் வாங்கினார், தன் மறுப்பையும் சேர்த்து ஒரு புத்தகமாக அச்சிட்டார். 1730 வாக்கில் அந்தப் புத்தகத்தை நாடு முழுவதும் பரப்பி, பள்ளி மாணவர்களுக்குப் படித்துக் காட்டச் சொன்னார். வாத்தியாருக்கும் மாணவருக்கும் மன்னிப்பு. ஆனால் அந்த வாத்தியார் படித்துக் கெட்டுப்போனதற்குக் காரணம் என்று ஓர் அறிஞரின் நூல்களைக் குறிப்பிட்டார்கள். லூ லியூலியாங் என்று பெயர். அவர் 1683லேயே இறந்துவிட்டார். அவருடைய சடலத்தைத் தோண்டி எடுத்துச் சிதைத்தார்கள். உயிரோடு இருந்த மகனைக் கொன்றார்கள். பேரப் பிள்ளைகளை வடகிழக்கு எல்லைக்கு நாடு கடத்தினார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? அந்தக் குடும்பப் பெயர்.

1735இல் யோங்செங் திடீரென்று இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் சியென்லோங், சில மாதங்களுக்குள் அந்த வாத்தியாரையும் மாணவரையும் பிடித்துவந்து கொன்றார். அப்பாவின் புத்தகத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்பா கொடுத்த மன்னிப்பு மகனைக் கட்டுப்படுத்தவில்லை.

இவ்வளவு பயம் நிறைந்த ஆட்சியைப் பற்றி மக்கள் கதை கட்டாமல் இருப்பார்களா? கட்டினார்கள். பேரரசரின் ரகசியக் கொலைகாரர்களிடம் ஓர் ஆயுதம் இருந்ததாம். தொப்பி மாதிரி இருக்கும், உள்ளே வளையமாகக் கத்திகள், மேலே நீளச் சங்கிலி. தூரத்திலிருந்து வீசினால் தலை மேல் கவிழும். சங்கிலியை இழுத்தால் தலையோடு வரும். சீனத்தில் 'இரத்தத் துளி' என்று பொருள்படும் பெயர். அப்படி ஓர் ஆயுதம் இருந்ததற்குச் சான்று கிடையாது. கதைப் புத்தகங்கள் வளர்த்த கற்பனை. 'கில்லட்டின்' என்பது ஆங்கிலத் தலைப்புக்காக ஒட்டிய சொல். பிரான்சில் அந்த இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்ததே 1792இல்தான், படம் சொல்லும் காலத்துக்கு அறுபது வருடம் கழித்து.

இன்னொரு கதையும் உண்டு. நாடு கடத்தப்பட்ட அந்த அறிஞரின் பேத்தி தப்பித்து, வாள் பழகி, அரண்மனைக்குள் புகுந்து யோங்செங்கின் தலையை எடுத்துவிட்டாள் என்பார்கள். அதற்கும் சான்று இல்லை. ஆனால் கதையின் வடிவத்தைப் பாருங்கள். அங்கேயும் தோற்றவன் வீட்டிலிருந்துதான் ஒருத்தி கிளம்புகிறாள்.

லாமாக்கள் ஏன் வில்லன்கள் என்று கேட்பீர்கள். சிங் பேரரசர்கள் திபெத்திய பௌத்தத்தை ஆதரித்தவர்கள். 1720இல் அவர்கள் படை லாசாவுக்குள் நுழைந்தது. யோங்செங் இளவரசராக இருந்தபோது வாழ்ந்த பெய்ஜிங் மாளிகையே பின்னர், 1744இல், லாமாக்களின் மடமாக ஆனது. அதனால் ஹான் சீனர்களின் கதைகளில் லாமா என்றால் பேரரசரின் அடியாள். கதைக்கு வசதி. உண்மையான திபெத்தியர்களுக்கு அநியாயம்.

இப்போது போட்டிக்கு வருவோம். குங்ஃபூ படங்களில் போட்டிக்கு ஒரு நல்ல காரணம் உண்டு, செலவு குறைவு. ஒரு மேடை, சுற்றிக் கொஞ்சம் கூட்டம், ஜோடி ஜோடியாக ஆட்கள். 1973இல் வந்த 'என்டர் த டிராகன்' அதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. சீனாவில் மேடைச் சண்டைக்கு நெடுநாள் மரபும் இருக்கிறது. 1928இல் நான்ஜிங்கில் அரசாங்கமே நாடு தழுவிய போட்டி நடத்தியது. அடிபட்டவர்கள் பெருகிப் போனதால், கடைசிச் சுற்றில் மிஞ்சியவர்களை மோத விடாமலே முடித்துக்கொண்டார்கள்.

வாங் யூவின் போட்டியில் அப்படி யாரும் நிறுத்துவதில்லை. கழுகுப் பிடிப் பள்ளியின் தலைவர் நடத்துகிறார். அவருடைய மகளும் மேடை ஏறுகிறாள். நிமிர்த்தி நட்ட கத்திகளுக்கு மேலே, கம்பங்களின் உச்சியில் நின்று இருவர் மோதுகிறார்கள். தாய்லாந்து வீரர் முதலில் தன் முறைப்படி வணங்கி ஆடிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறார். ஆயுதமில்லாமலே ஜெயிப்பவன் என்று பெருமை பேசும் ஜப்பானியன் கத்தியை ஒளித்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு புது யோசனை. அந்த யோசனை தீர்ந்ததும் சண்டையும் தீர்ந்துவிடும். காசு இல்லாதவன் யோசனையைச் செலவழிக்கிறான். பெரிய படங்கள் காசைச் செலவழித்துவிட்டு யோசனையை மிச்சம் பிடிக்கின்றன.

அங்கே நம் கதாநாயகன் என்ன செய்கிறான் தெரியுமா? போட்டியில் கலந்துகொள்ளவில்லை. அவன் இப்போது ஒரு பள்ளி நடத்துகிறான். அரசாங்கத்தின் பார்வை தன் மேல் விழக்கூடாது என்று ஒதுங்கி, மாணவர்களை மட்டும் வேடிக்கை பார்க்க அழைத்துப் போகிறான். உட்காருங்கள், பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள் என்கிறான். கல்விச் சுற்றுலா! இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாணவர்களைக் கொலைக்கு வாடகைக்குப் போகும் அளவில் வளர்த்த ஒரு குரு. மேடை ஏறாமல் உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் ஒரு குரு. படத்தின் இரண்டு ஆசிரியர்கள் என்று சொன்னேனே, அவர்கள் இவர்கள்தான்.

அந்தப் போட்டியில் நம்மவர் ஒருவரும் வருகிறார். தலைப்பாகை கட்டிய இந்திய யோகி. அவருடைய வித்தை, கை இரண்டும் ரப்பர் மாதிரி நீளும். எட்டி நிற்பவன் கழுத்தைப் பிடிப்பார். 1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டது. அதில் தால்சிம் என்ற இந்திய யோகி கையை நீட்டி நீட்டிக் குத்துவார், வாயால் நெருப்பு ஊதுவார், கழுத்தில் மண்டையோட்டு மாலை. அவருக்கு மூலம் இந்தப் படத்து யோகிதான் என்று பரவலாகச் சொல்வார்கள். விடுமுறைக்கு வந்த என் பேரன் அதை விளையாடிக்கொண்டே கேட்டான்: "அம்மாச்சி, இந்தியான்னா ஏன் எப்பவும் இப்படியே போடுறாங்க? ஒரு சாதாரண ஆளு வரமாட்டாரா?"

நல்ல கேள்வி. முதல் பாகத்திலும் இந்தியர் இப்படித்தான் வருகிறார். முகத்தில் கருஞ்சாயம் பூசிய சீன நடிகர், தலைகீழாகக் கைகளால் நடப்பார். இந்தியா என்றதும் அவர்கள் மனதில் வந்தது ஒரே ஓர் அடையாளம். தாய்லாந்துக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று, திபெத்துக்கு ஒன்று. பார்வையற்ற குரு ஒற்றைக் கைக்காரர்களுக்கு என்ன செய்தாரோ, அதையே படம் மற்ற நாட்டவர்களுக்குச் செய்கிறது. குருவுக்காவது கண் தெரியாது. கேமராவுக்கு என்ன?

இதற்கும் பின்னணி உண்டு. தைவான் 1895 முதல் 1945 வரை ஐம்பது ஆண்டுகள் ஜப்பானின் பிடியில் இருந்தது. 1949இல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற குவோமின்டாங் அரசு அங்கே வந்து சேர்ந்தது. அன்று போட்ட ராணுவச் சட்டம் 1987 வரை நீடித்தது. 1971 அக்டோபரில் ஐ.நா.வில் இருந்த இடம் பறிபோனது. அடுத்த வருடமே ஜப்பான் தைவானோடு உறவை முறித்துக்கொண்டு பெய்ஜிங்கை அங்கீகரித்தது. 1975இல் சியாங் கை ஷேக் இறந்தார். நட்பு நாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்ட அந்த வருடங்களில்தான், வெளிநாட்டான் எல்லாம் சேர்ந்து வந்து ஒரு கையை வெட்டிவிட்டான், மிச்சக் கையோடு ஒருவன் எதிர்த்து நிற்கிறான் என்ற கதைக்குக் கூட்டம் கூடியது. வாங் யூ அரசியல் பேச நினைத்தாரோ இல்லையோ, பார்க்க வந்தவர்களுக்கு அந்த வெட்டுப்பட்ட கை அந்நியமாக இருந்திருக்காது.

"குங்ஃபூவைக் கொடுத்ததே நம்ம போதிதர்மர்தானே டீச்சர்" என்று கீழே எழுதத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போதிதர்மரைப் பற்றிய பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. ஷாவோலின் சண்டைக் கலையோடு அவரை இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியது. நம்மை இகழும் அடையாளத்தைச் சோதிப்பது போலவே, நம்மைப் புகழும் அடையாளத்தையும் சோதிக்க வேண்டும். சமூக அறிவியல் வகுப்பில் இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான்.

படத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருடப் பழைய படம், சஸ்பென்ஸ் கெட்டுப்போகாது. கதாநாயகன் நேர்மையாகச் சண்டை போட்டு ஜெயிப்பதில்லை. வெறுங்காலோடு ஆடும் தாய்லாந்து வீரரை இரும்புத் தரை போட்ட குடிசைக்குள் இழுத்து, அடியில் தீ மூட்டச் சொல்கிறான். தீ மூட்டுவது அவனுடைய மாணவர்கள். பறக்கும் ஆயுதத்தின் பற்களை மூங்கில் கழிகளில் சிக்க வைத்து மழுக்குகிறான். கடைசியில் சவப்பெட்டிக் கடை ஒன்றில், விசை வைத்துப் பாயும் கோடாரிகளைப் பொருத்தி, கண் தெரியாத முதியவரை அங்கே எதிர்கொள்கிறான்.

பார்க்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாது. பிள்ளைகளை இழந்த கிழவர் ஒரு பக்கம். உயிர் பிழைக்க எதையும் செய்யும் கை இழந்தவன் இன்னொரு பக்கம். முதல் பாகத்தில் இருந்த சுபம் இங்கே இல்லை. இரண்டு படத்தில் இரண்டாவதே சிறந்தது என்று நான் சொல்வதற்கு அந்தச் சங்கடமே காரணம்.

இசையைப் பற்றி ஒரு துணுக்கு. குரு நடந்து வரும்போதெல்லாம் இரைச்சலாக, இழுத்து இழுத்து ஓர் ஒலி வரும். அது சீன இசை அல்ல. 'நொய்' என்ற ஜெர்மன் இசைக்குழுவின் 1973ஆம் வருட இசைத்தட்டிலிருந்து எடுத்தது. அந்தத் தட்டு செய்யும்போது பாதியிலேயே குழுவிடம் பணம் தீர்ந்துவிட்டது. ஏற்கெனவே பதிவு செய்திருந்த பாட்டையே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சுழலவிட்டு இரண்டாம் பக்கத்தை நிரப்பினார்கள். குருவுக்கு வரும் இசை அப்படி வேகம் குறைத்த ஒன்று. ஜெர்மனியில் காசில்லாதவன் செய்தது, தைவானில் காசில்லாதவன் கைக்குப் போய், 2003இல் அமெரிக்க இயக்குநர் டாரண்டினோவின் 'கில் பில்' படத்தில் ஒலித்தது.

வாங் யூ 2011இல் 'வூ ஷியா' என்ற படத்தில் வயதான வில்லனாக வந்தார். அதில் கதாநாயகன் டானி யென் தன் ஒரு கையை இழந்துவிட்டு அவரோடு மோதுவார். பழைய ஒற்றைக் கை வீரனுக்குப் புதிய தலைமுறை செய்த மரியாதை அது. 2022 ஏப்ரல் 5ஆம் தேதி தைபேயில், 79 வயதில், வாங் யூ காலமானார்.

கடைசியாக ஒன்று. எண்பதுகளில் என் வகுப்பில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிய பையன் ஒருவன் இருந்தான். சேர்ந்த முதல் வாரத்தில் வகுப்பு முழுவதும் அவனை அந்தக் காலை வைத்தே கூப்பிட்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான். வருகைப் பதிவேட்டைத் திறந்து, பக்கத்தில் உட்காருகிறவனைப் பற்றி ஆளுக்கு ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வந்து சொல்ல வேண்டும், உடம்பைப் பற்றி இருக்கக்கூடாது என்றேன். மறுநாள் அவனைப் பற்றி வந்த செய்தி: "டீச்சர், இவன் கிணத்துல எங்க எல்லாரையும்விட வேகமா நீந்துறான்." அதற்கப்புறம் அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. அவன் இதைப் படிப்பான். நலமாக இருடா தம்பி.

அந்த மலைக் குடிசைக் குருவிடம் யாராவது, "ஐயா, கை ஒன்று என்பதைத் தவிர அவனைப் பற்றி வேறு என்ன தெரியும்?" என்று கேட்டிருந்தால், படம் அங்கேயே முடிந்திருக்கும். சினிமாவுக்கு அது நஷ்டம். நமக்கு அப்படி இல்லை.

படத்தில் இரத்தம் அதிகம். சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்காதீர்கள். பார்த்தவர்கள், கொட்டகையில் அந்தக் காலத்துக் குங்ஃபூ படம் பார்த்த கதை உள்ளவர்கள், கீழே எழுதுங்கள். வேப்பங்குச்சிக்காரர்களும் எழுதலாம். இப்போது பறிமுதல் செய்ய மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்